கூதிர் காலத்துக் கொலு: மலை தரும் தோரணங்கள்

பழந்தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குக் கூதிரை உரிய பொழுதாகவும், சேயோனாகிய முருகப்பெருமானை உரிய தெய்வமாகவும் வகுத்தது தொல்காப்பியம். வடமொழி மரபில் இது சரத் ருது. சாரதா நவராத்திரி இப்பருவத்தின் வாயிலில்தான் வருகிறது.

கொடைக்கானலிலிருந்து குழந்தை வேலப்பர் எழுந்தருளியிருக்கும் பூம்பாறையையும், அடுத்து மன்னவனூரையும் கடந்தால் வருவது கவுஞ்சி. உருளைக்கிழங்கும் கேரட்டும் மலைப்பூண்டும் விளையும் குளிர்ந்த பூமி இது. சமவெளியில் எளிதாகக் கிடைக்கும் மாவிலையும் தென்னங்குருத்தும் இந்த உயரத்தில் அரிது. அதனால் தோரணம் இல்லாமற் போய்விடுமா? அந்தந்த நிலம் தருவதைக் கொண்டு அந்தந்த நிலத்துத் தெய்வத்தை அலங்கரிப்பதே நம் மரபு.

முதலாவது, கதிர்க் குஞ்சம். குமரி மாவட்டக் கோயில்களிலும் சபரிமலையிலும் நிறைபுத்தரிசி பூஜையின்போது நெற்கதிர்களைப் பூஜித்து அடியார்களுக்கு வழங்குவர். அவர்கள் அவற்றை இல்லத்தில் கட்டி வைப்பர். மலைவாசிகள் கேழ்வரகு, தினை, சாமைக் கதிர்களை இவ்வாறே பயன்படுத்தலாம். கதிர்களைக் காம்போடு நறுக்கி, இருபது முப்பதாகச் சேர்த்து, வாழைநாரால் இறுகக் கட்டி, தலைகீழாக நிழலில் உலர்த்த வேண்டும். இடையிடையே துலுக்கச் சாமந்தியைக் கோத்தால் நிலைவாசல் பொலிவு பெறும்.

இரண்டாவது, பைன் காய்ச் சரம். சாலையோரத்திலும் சொந்தத் தோட்டத்திலும் உதிர்ந்து கிடக்கும் காய்களைக் கழுவி வெயிலில் வைத்தால் செதில்கள் மலர்போல் விரியும். ஈரக்காற்றுப் பட்டால் அவை மீண்டும் மூடிக்கொள்ளும். ஆகையால் மூடுபனி நாள்களில் அடுப்பங்கரைக்கு அருகே, தீ படாத தொலைவில் உலர்த்துவது நன்று. செதில் நுனிகளில் அரிசி மாவுக் கரைசலைத் தொட்டு வைத்தால் வெள்ளிப்பூ போலத் தோன்றும். காயில் பிசின் உண்டு, எளிதில் தீப்பற்றும். விளக்கின் அருகே ஒருபோதும் வைக்கலாகாது.

மூன்றாவது, கொலுவின் பூங்கா. படிகளின் கீழே பசுமை காட்டுவதற்காகப் பலர் மரங்களில் படர்ந்த பாசியை உரித்து வருகின்றனர். இது தவிர்க்கத்தக்கது. மலையின் சோலைக்காடுகளில் பாசியும் பெரணியும் மழைநீரையும் மூடுபனியின் ஈரத்தையும் பிடித்து வைப்பவை. அந்தச் சோலைகளே ஓடைகளின் தாய். ஓடைகளே அபிஷேக நீருக்கும் வயல் நீருக்கும் ஆதாரம். கொடைக்கானல் காடுகள் 2013-ஆம் ஆண்டு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. அங்கிருந்து அனுமதியின்றி எதையும் எடுப்பது குற்றமும் ஆகும்.

பைன் காயின் கதை வேறு. பைன் இம்மண்ணின் மரமன்று; தோட்டமாக நடப்பட்டுப் பரவியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, கடைசியாக 2018-இல் மலையை நீலமாக்கிய குறிஞ்சி வளரும் புல்வெளிகளைக் குறுக்கியதில் அதற்கும் பங்குண்டு. உதிர்ந்த பைன் காயை எடுப்பதால் மலைக்கு இழப்பில்லை. பாசியை உரித்தால் இழப்புண்டு. பூஜைக்குரிய பொருளைத் தேரும்போது இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கும் உணர்த்த வேண்டும்.

பாசிக்கு மாற்று, முளைப்பாரி. அகன்ற மண் தட்டில் மண்ணும் மட்கிய எருவும் பரப்பி, இரவு முழுதும் ஊறிய கேழ்வரகையோ ஊறவைக்காத கடுகையோ நெருக்கமாகத் தூவி, நீர் தெளித்து ஈரத்துணியால் மூட வேண்டும். முளை கண்டதும் துணியை அகற்றி வெளிச்சத்தில் வைக்கலாம். சமவெளியில் ஐந்தாறு நாளில் எழும் பயிர், குளிரில் சற்றுத் தாமதிக்கும். மஹாளய அமாவாசைக்கு ஒரு வாரம் முன்னரே விதைத்தால் முதல் நாள் கொலுவுக்குப் பச்சைக் கம்பளம் தயார்.

விஜயதசமி முடிந்து பொம்மைகளை எடுத்து வைக்கும்போது, முளைப்பாரியை ஓடையில் விடாமல் தோட்டத்து மண்ணிலேயே சேர்த்துவிடலாம். பைன் காய்கள் பெட்டிக்குள் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கும். கதிர்க் குஞ்சத்தை மட்டும் அவிழ்க்காமல் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டால், கூதிர்க் குளிரில் இரை தேடி வரும் சிட்டுக்குருவிகளுக்கு அதுவே பிரசாதம்.