நாலு அலாய், ஒரு பழைய ஸ்டெப்னி

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு சனிக்கிழமை மாலை நடந்து பாருங்கள். கடைக்கு ஒன்றாக ஏதாவது ஒரு சின்னக் கார் ஜாக்கியில் ஏறி நிற்கும். பெரும்பாலும் பேஸ் மாடல். வேரியன்டில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பங்கு இங்கே அலாய் வீலாக மாறிக்கொண்டிருக்கும். "இத மாட்டிட்டா டாப் மாடல்னுதான் சார் சொல்லுவாங்க" என்பது அந்தத் தெருவுக்கே மனப்பாடமான வசனம். அதில் பொய்யும் இல்லை. பதினைந்து இஞ்ச் ஏறியதும் வண்டியின் முகமே மாறிவிடுகிறது. சொந்தக் காசில் வாங்கிய காரை அழகு பார்ப்பது அவரவர் சந்தோஷம். அதற்குரிய மரியாதையை இந்த வரியோடு செலுத்திவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். கீழ் வேரியன்டில் பல வருடங்களாக வந்த டயர் 165/80 ஆர்14. தரையிலிருந்து உச்சி வரை அதன் உயரம் சுமார் 620 மி.மீ. மேல் வேரியன்டின் 185/65 ஆர்15-க்கு அதைவிட இரண்டு மி.மீ.தான் அதிகம். ரிம் ஓர் இஞ்ச் பெருத்தாலும் சக்கரம் பெருக்கவில்லை, ரப்பர்தான் அந்த அளவுக்கு இளைத்திருக்கிறது. 195/55 ஆர்16 போட்டாலும் மொத்த உயரம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் 132 மி.மீ. இருந்த சைடுவால் 107-க்கு இறங்கிவிடும்.

மொத்த உயரம் மாறக்கூடாது என்பதில் கம்பெனிக்காரர்கள் காட்டும் இந்தக் கறாரைக் கடையில் எல்லோரும் காட்டுவதில்லை. ஆல்ட்டோ 800-க்கு வந்த 145/80 ஆர்12 சுமார் 537 மி.மீ. "ஒரு சைஸ் ஏத்திக்கலாம்" என்று 155/80 ஆர்13 மாட்டினால் 578. மீட்டர் முள் 80-இல் நிற்கும்போது கணக்குப்படி வண்டி 86-இல் ஓடும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் மட்கார்டில் உரசும். சின்ன இன்ஜினுக்கு ஒவ்வொரு கியரும் சற்று உயர்ந்துவிட்டது போல ஆகி, மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்கும். மூன்று சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வேண்டாம் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. இது ஏழைத் தாண்டுகிறது.

போல்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்விஃப்ட், ஐ10 இரண்டுக்கும் நாலு போல்ட், பிசிடி (போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 100 மி.மீ. க்விட் வைத்திருப்பவருக்கோ மூன்றே போல்ட் என்பதால் தேடல் கொஞ்சம் நீளும். எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று எட்டு ஓட்டை போட்டு, நடுத்துளையையும் பெரிதாக விட்டிருக்கும் ரிம்மை வாங்கினால், ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கும். அதை அடைக்க ஒரு வளையம் உண்டு. கேட்டு வாங்கிப் போடுங்கள். அது இல்லாமல் 80-இல் ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தால், அலைன்மென்ட்டுக்கு எத்தனை தடவை கொடுத்தாலும் நிற்காது.

எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய கவலை டிக்கிக்குள் இருக்கிறது.

அலாய் நான்காகத்தான் விற்கப்படுகிறது. விலை நான்குக்கு, பேரம் நான்குக்கு, வாட்ஸ்அப்பில் போடும் போட்டோவிலும் தெரிவது அதிகபட்சம் இரண்டு. ஐந்தாவது சக்கரத்தைப் பற்றி வாங்குபவரும் கேட்பதில்லை, விற்பவரும் வாய் திறப்பதில்லை. டிக்கி விரிப்புக்குக் கீழே பழைய இரும்பு ரிம்மில், வண்டி வாங்கிய நாளிலிருந்து காற்றுகூடப் பார்க்காத ஸ்டெப்னி கிடக்கும். அதன் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் பட்டனாகப் புது டயர் போலவே தோன்றினாலும் ரப்பருக்கு வயசாகிவிட்டது.

2020-இல் விதி திருத்தப்பட்டு, டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருக்கும் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்றாகிவிட்டது. இனி அது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆணி குத்தினால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் சைடுவாலைக் குறைத்துவிட்ட காருக்கு ஆணி மட்டுமா எதிரி? மழைத்தண்ணீர் மூடிய பள்ளத்தின் விளிம்பில் இறங்கும்போது, ரிம்முக்கும் தார் விளிம்புக்கும் இடையே ரப்பர் நசுங்கிப் பக்கவாட்டில் கிழிகிறது. அந்தக் கிழிசலை எந்தக் கிட்டும் அடைக்காது. இரும்பு ரிம் வளையும், பட்டறையில் தட்டி நிமிர்த்தலாம். மட்டமான அலாய் விரிசல் விடும். ஆக, ஸ்டெப்னி தேவைப்படும் வாய்ப்பை நாமே கூட்டிக்கொண்டு, இருக்கிற ஸ்டெப்னியைத் திரும்பியும் பார்க்காமல் விட்டிருக்கிறோம்.

சரி, ராத்திரி பத்து மணிக்கு உளுந்தூர்பேட்டை தாண்டி டயர் கிழிந்தது என்று வையுங்கள். வண்டியோடு வந்த வீல் ஸ்பேனரை எடுக்கிறீர்கள். அலாயின் ஓட்டை குறுகலாக இருக்கிறது என்று கடையில் போட்ட ஒல்லி நட்டின் தலையில் அது உட்காராது. அதற்கென்று கட்டைவிரல் நீளத்தில் ஒரு தனிச் சாவி கொடுத்திருப்பார்கள். அது இப்போது வீட்டு மேஜை டிராயரில் இருக்கிறது. பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிட்டாலும் அவர் கையில் இருப்பது வழக்கமான கிராஸ் ஸ்பேனர்தான். சாவி இருந்து கழற்றிவிட்டாலும், அந்த நட் இரும்பு ரிம்மில் ஒழுங்காக உட்காருமா என்பது அடுத்த கேள்வி. அதற்காகக் கிடைத்த நட்டைப் போட்டு முறுக்கவும் முடியாது. ஸ்விஃப்ட்டின் மரை இடைவெளி 1.25 மி.மீ., ஐ10-இன் மரை இடைவெளி 1.5 மி.மீ., மாற்றிப் போட்டால் ஸ்டட் போய்விடும்.

உயரக் கணக்கு இங்கேதான் கைகொடுக்கும். புது டயரும் பழைய ஸ்டெப்னியும் ஒரே உயரம் என்றால் நிதானமாக ஊர் போய்ச் சேரலாம். நான்கு சென்டிமீட்டர் வித்தியாசத்தோடு முன்சக்கரத்தில் மாட்டினால் டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைக்கும், ஏபிஎஸ்ஸுக்கும் எந்தச் சக்கரத்தை நம்புவது என்று குழப்பம்.

பட்ஜெட்டில் ஐந்து அலாய்க்கு இடமில்லையென்றால் ஒரு இஞ்ச் குறைத்துக்கொண்டாவது ஐந்து வாங்குங்கள். அதுவும் முடியாதென்றால், எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கும் பழைய டயர்களில் நல்லதாக ஒன்றையும், கூடவே பழைய நட்டுகளையும் திருப்பிக் கேட்டு டிக்கியில் போடுங்கள். பணம் எண்ணிக் கொடுப்பதற்கு முன், ஜாக்கியிலிருந்து வண்டியை இறக்கும் பையனிடம், "தம்பி, ஸ்டெப்னிய ஒரு தடவ மாட்டிக் காட்டு" என்று சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. முகம் சுளித்தால், அதே தெருவில் அடுத்த கடை இருக்கிறது.