பளபளக்கும் துப்பாக்கிக்கு விலை குறைவு!

நம் நாட்டில் பாட்டியின் அட்டிகை பேத்திக்கு வரும். அமெரிக்காவில் பல குடும்பங்களில் தாத்தாவின் துப்பாக்கி பேரனுக்கு வரும்!

தாத்தா காலமானதும் அவருடைய பெட்டியைத் திறக்கிறார்கள். உள்ளே பழைய துணியில் சுற்றிய ரிவால்வர் ஒன்று இருக்கிறது. அது கறுத்துப் போயிருக்கிறது. அங்கங்கே துரு தெரிகிறது.

"இது என்ன விலைக்குப் போகும்?" என்று பேரன் யோசிக்கிறான். அழுக்கைப் போக்கினால் விலை கூடும் என்று நினைக்கிறான். உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கிறான். அரை மணி நேரத்தில் துப்பாக்கி பளபளக்கிறது.

அந்த அரை மணி நேரத்தில் அதன் விலையில் பெரும்பகுதி போய்விட்டது!

இது ஏன்? பழைய துப்பாக்கியை எப்படி மதிப்பிடுகிறார்கள்?

கோல்ட் என்றால் தங்கம் அல்ல!

அமெரிக்காவில் புகழ் பெற்ற ரிவால்வர் "கோல்ட்". இது தங்கம் அல்ல, ஆளின் பெயர். சாமுவேல் கோல்ட் என்பவர் 1814-ல் பிறந்தார். குண்டு நிரப்பிய உருளை சுழன்று சுழன்று சுடும் கைத்துப்பாக்கிக்கு, 1836-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அவருடைய முதல் தொழிற்சாலை நொடித்தது. ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. ஹார்ட்போர்டு நகரில் பெரிய தொழிற்சாலை எழுப்பினார். 1862-ல் காலமானார்.

அவருக்குப் பிறகு 1873-ல், ராணுவத்துக்காக அந்த நிறுவனம் ஒரு ரிவால்வரைக் கொண்டு வந்தது. அதன் உருளையில் ஆறு குண்டுகள் போடலாம். சிப்பாய், போலீஸ் அதிகாரி, மாடு மேய்ப்பவன், கொள்ளைக்காரன் எல்லோர் இடுப்பிலும் அது தொங்கியது. 1940 வரை ஏறத்தாழ 3 லட்சத்து 57 ஆயிரம் செய்தார்கள். இன்று பல வீடுகளில் பெட்டிக்குள் கிடப்பது இந்த வகைதான்.

முதலில் உயிர்!

விலை பார்க்கும் முன் உயிரைப் பார்க்க வேண்டும். நூறு ஆண்டு பழைய துப்பாக்கியிலும் குண்டு இருக்கலாம். ஆகவே, விவரம் தெரிந்தவரைக் கொண்டு முதலில் உருளையைச் சோதிக்க வேண்டும்.

சுட்டுப் பார்க்கவும் கூடாது. அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் கறுப்பு வெடிமருந்துக்காகச் செய்யப்பட்டவை. இந்தக் காலத்துக் குண்டின் வேகத்தை அவை தாங்கமாட்டா. உருளை வெடித்துக் கை போகலாம்.

தேய்த்தால் தேய்வது விலை!

புதிதாக இருந்தபோது குழலும் உருளையும் கருநீலமாக இருந்தன. நடுச்சட்டத்தில் நீலமும் பழுப்பும் கலந்து, மேகம் படர்ந்தாற்போல் நிறக்கோலம் இருந்தது. காலப்போக்கில் இந்த நிறம் மங்கும். அப்படி மங்கிய நிறம்தான் "இது அசல்" என்பதற்குச் சாட்சி. பழம்பொருள் சேகரிப்பவர்கள் இந்தச் சாட்சிக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள்.

தேய்த்து மெருகு போட்டால் சாட்சி அழிந்துவிடும். தேய்த்த துப்பாக்கியைக் கண்டுபிடிப்பது எளிது. கூரான விளிம்புகள் மழுங்கியிருக்கும். பொறித்த எழுத்துகள் கரைந்தாற்போல் இருக்கும். திருகாணித் துளையைச் சுற்றிக் குழி விழுந்திருக்கும்.

எண்கள் ஒத்துப்போகின்றனவா?

அடுத்து எண்ணைப் பார்ப்பார்கள். இந்த ரிவால்வரின் நடுச்சட்டம், விசைக்காப்பு, பிடியின் பின்பட்டை ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே எண் இருக்க வேண்டும். வேறு எண் இருந்தால், வேறொரு துப்பாக்கியின் பாகத்தைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். அப்போது விலை இறங்கும்.

இதற்கும் விலக்கு உண்டு! 1890-களில் ராணுவம், ஏழரை அங்குலக் குழல்களை ஐந்தரை அங்குலமாக வெட்டச் சொன்னது. பல துப்பாக்கிகளை ஒரே நேரத்தில் பிரித்துப் பழுது பார்த்தார்கள். பாகங்கள் கலந்துபோயின. ஆகவே அந்த வகையில் எண்கள் மாறியிருப்பதுதான் இயல்பு. இது தெரியாதவர்கள் நல்ல பொருளைப் போலி என்று நினைத்து, குறைந்த விலைக்கு விற்றுவிடுவார்கள்.

தாத்தா சொன்ன கதை

சில குடும்பங்களில் துப்பாக்கியோடு ஒரு கதையும் வரும். "இது லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் இருந்தது" என்பார்கள். 1876 ஜூன் 25-ல் நடந்த அந்தச் சண்டையில் லகோட்டா, செயேன் பழங்குடி வீரர்கள் தளபதி கஸ்டரின் படையை முறியடித்தார்கள். கஸ்டரும் 200-க்கு மேற்பட்ட சிப்பாய்களும் மாண்டனர். அந்தச் சண்டையில் இருந்த துப்பாக்கி என்றால் விலை பல மடங்கு ஏறும்.

ஆனால் எண் பொய் சொல்லாது. துப்பாக்கியின் எண் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தால், சண்டை நடந்தபோது அது பிறக்கவே இல்லை! ஆசையால் தாத்தா சொன்ன கதையைப் பேரனும் நம்பிவிட்டான், அவ்வளவுதான்.

மோசக்காரர்களும் உண்டு. ராணுவத் துப்பாக்கிக்கு விலை அதிகம். அதனால் சாதாரணத் துப்பாக்கியில் ராணுவ முத்திரையைப் பின்னால் பொறித்து விற்றிருக்கிறார்கள்.

உண்மையை அறிய வழி உண்டு. எந்தத் துப்பாக்கி எந்த நாளில், எவ்வளவு நீளக் குழலோடு, யாருக்கு அனுப்பப்பட்டது என்று அந்த நிறுவனம் பேரேட்டில் எழுதி வைத்தது. கட்டணம் கட்டிக் கேட்டால், அதைப் பார்த்துக் கடிதம் கொடுக்கிறார்கள். 1864-ல் தொழிற்சாலையில் பெரும் தீ பிடித்தது. அதனால் அதற்கு முந்தைய கணக்குகளில் பல இல்லை.

வழக்குப் போட்ட விதவை

காகிதத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று காட்ட ஒரு துப்பாக்கி போதும்.

1881 ஜூலை 14 இரவு, "பில்லி தி கிட்" என்ற பெயர் பெற்ற கொள்ளைக்காரனை ஷெரிப் பாட் காரெட் சுட்டுக் கொன்றார். சுட்டது 1873 வகை கோல்ட். காரெட் 1908-ல் இறந்தார். அப்போது அந்தத் துப்பாக்கி எல் பாசோ நகரில் ஒரு மதுக்கடைக்காரரிடம் இருந்தது. காரெட்டின் மனைவி அதை விடவில்லை. மதுக்கடைக்காரர் இறந்த பிறகு, 1930-களில் நீதிமன்றம் சென்றார். வென்றார். கணவரின் துப்பாக்கி அவர் கைக்கு வந்தது.

2021 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அது ஏலத்துக்கு வந்தது. 60 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது! அதே வகையைச் சேர்ந்த சாதாரணத் துப்பாக்கி சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கும்.

இரண்டும் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை. இரும்பும் ஒன்றே. வேறுபாடு, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற சான்றில் இருக்கிறது. அந்த விதவையின் வழக்குத் தாள்களும் அந்தச் சான்றில் சேர்ந்தவை.

ஆகவே, பழம்பொருள் கைக்கு வந்தால் உப்புத்தாளைத் தேடாதீர்கள். தாத்தாவின் பெட்டிக்குள் பழைய கடிதமோ, ரசீதோ, புகைப்படமோ கிடக்கிறதா என்று தேடுங்கள். குப்பை என்று எறியும் அந்தக் காகிதம், துப்பாக்கியைவிட விலை உயர்ந்ததாக இருக்கலாம்!