மேய்ச்சற்றரையில் நாட்டுப்புல்லும் விதைத்த தீவனமும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் நெற்செய்கையும் மாடு வளர்ப்பும் ஒரே குடும்பத்தின் இரு தொழில்களாக நடைபெறுகின்றன. அறுவடையின்பின் மாடுகள் வயலில் தாள் மேய்கின்றன. பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் அவற்றை அகற்றவேண்டும். தம்பலகாமம், கந்தளாய், மூதூர், கிண்ணியா முதலிய இடங்களில் அக்காலத்தில் அவற்றுக்குத் துணை தரவைகளும் காட்டோரங்களுமே. தரவை நலிந்தால் மாடு வேலி பாயும், பயிர் அழியும், அயலவரிடையே வழக்கு மூளும். ஆகவே நல்ல மேய்ச்சற்றரை பயிருக்கும் காவலாகும்.

நாட்டுப்புல்லை உழுது அழிக்கலாகாது

இம்மாவட்டத்து மழையிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை பெய்கின்றது. பின்னர்க் கச்சான் காற்று நிலத்தை உலர்த்தும். அறுகு அவ்வறட்சியைத் தாங்கி, முதல் மழையிலேயே தளிர்த்து, மண்ணையும் பிணிக்கும். ஆயினும் முற்றி உலர்ந்த புல்லிற் புரதம் குறைவு. அக்குறையை நீக்க அவரையினத் தீவனச் செடியைச் சேர்த்தல் வேண்டும்.

விதைத்த செடியை மட்டும் நம்புதலும் தகாது. அவுஸ்திரேலியாவின் வடபகுதியிற் பெரும்பரப்பிற் பரவியிருந்த டவுன்ஸ்வில் ஸ்டைலோ என்னும் செடி 1970களில் அந்திரக்னோசு நோயால் அழிந்தது. நாட்டுப்புல் நிலைத்திருக்கும் தரையில் இத்தகைய இழப்பு நேரினும் மாட்டுக்கு உணவு எஞ்சும்.

செய்முறை

தமக்குரிய மேட்டுக்காணியில் அரை ஏக்கரை வேலியிட்டுத் தொடங்குதல் நன்று. மழைக்கு முன் புல்லைக் கட்டையாக மேயவிட்டு, இடையிடையே மண்ணைக் கீறுக. தமிழ்நாட்டில் முயல் மசால் எனப்படும் ஸ்டைலோவின் விதை கடின உறையுடையது. அதனை 80 பாகை செல்சியசு வெந்நீரில் 4 நிமிடம் இட்டு, ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து, ஏக்கருக்கு 4 கிலோ வீதம் தூவி, மெல்லிய மண்ணால் மூடுக. முதல் ஆண்டில் செடி விதை உதிர்க்கும்வரை கடுமையாக மேயவிடலாகாது. புல் ஓங்கிச் செடியை மூடுமாயின் சிறிது நேரம் மட்டும் மேயவிடலாம்.

கினிப்புல்லை அறுகுடன் கலந்து நடலாகாது. அது உயர்ந்து வளர்ந்து அறுகை நிழலால் அடக்கிவிடும். மரக்கறித் தோட்டத்தின் கழிவுநீர் பாயும் இடத்தில், வரிசைக்கு வரிசை 50 சதமமீற்றரும் செடிக்குச் செடி 30 சதமமீற்றரும் விட்டு, தனிப்பாத்தியாக நடுக. பூக்குமுன் அறுத்துவிடல் வேண்டும். அறுக்கத் தவறினால் விதை வயல்வரம்பிற் பரவும். உலர்ந்த தாள் கோடையில் தீப்பற்றும். வேலிக்குக் கிளிசரிடியா என்னும் சீமைக்கிளுவைத் தடிகளை நடலாம். அதன் தழை கோடையில் தீவனமாகவும் வயலுக்குப் பசுந்தாட் பசளையாகவும் உதவும்.

தரைக்கு ஓய்வு

தமிழ்நாட்டுக் காங்கேயம் பகுதியில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சற் காணிகளைக் கிளுவை வேலியாற் பிரித்து, கொழுக்கட்டைப் புல்லைப் பேணி, மாடுகளை மாற்றி மாற்றி மேய்க்கின்றனர். மழை குறைந்த அந்நாட்டிலேயே இம்முறை நிலைத்துள்ளது. இங்கும் தரையை மூன்று நான்கு பங்காக்கி, ஒன்று மேயப்படுகையில் ஏனையவை தளிர்க்க இடமளித்தல் வேண்டும். எவ்வளவு நல்ல விதையாயினும் ஓய்வில்லாத தரையில் நிலைபெறாது.

விதை, நடுதடி ஆகியவற்றைப் பெறும் வழியை அண்மையிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் மழைக்கு முன்னரே விசாரித்தறிக.