ஏழு பேரில் ஒருவர்

லண்டனின் தென்மேற்கு ஓரத்தில், கியூ என்ற இடத்தில், பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே 'ஏஐஆர் 27' என்று குறியிட்ட வரிசையில் இரண்டாம் உலகப்போர்க் கால விமானப்படை ஸ்குவாட்ரன்களின் பதிவேடுகள் உள்ளன. எந்த இரவில் எந்த விமானம் போனது, அதில் யார் யார் இருந்தார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கினார்கள், இலக்குக்கு மேலே என்ன பார்த்தார்கள் என்பதெல்லாம் வரிவரியாகத் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். சில வரிகளில் கிளம்பிய நேரம் இருக்கும், இறங்கிய நேரத்துக்கான கட்டம் காலியாக இருக்கும். பக்கத்தில், புறப்பட்ட பிறகு தகவல் ஏதும் இல்லை என்று ஒரே ஒரு வாக்கியம்.

அந்தக் காலிக் கட்டத்தில் என்ன நடந்தது என்பதை எண்பது ஆண்டுகள் கழித்தும் பெருமளவுக்குக் கண்டுபிடித்துவிட முடிகிறது. பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். அத்தனை பேரும் தாமாக முன்வந்தவர்கள். அவர்களில் 55,573 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 10,000 பேர் சிறைபிடிக்கப்பட்டார்கள். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வீடுகளில் இன்று தாத்தாவையும் பெரிய மாமாவையும் தேடிக்கொண்டிருக்கிற பேரப்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒரு கைத்தொழிலைப் போலவே இந்தத் தேடலுக்கும் முறையும் கருவிகளும் உண்டு, அனுபவத்தில் தேறிய எச்சரிக்கைகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஒற்றை ஆளைத் தேடுகிறவர் பாதியில் நின்றுவிடுவார், அந்த ஆள் இருந்த குழுவைத் தேடுகிறவருக்கு வழி திறந்துகொண்டே போகும். ஏன் என்பதற்கு விமானத்துக்குள் ஏறிப் பார்க்க வேண்டும்.

லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு மெர்லின் எஞ்சின்கள், 31 மீட்டர் இறக்கை வீச்சு. மொத்தம் 7,377 விமானங்கள் கட்டப்பட்டன. இவ்வளவு பெரிய விமானத்தில் மனிதர்களுக்கென்று விட்ட இடம் மிகக் குறைவு. மூக்கில், கண்ணாடிக் குமிழுக்குள் குப்புறப் படுத்திருப்பவர் குண்டு குறிபார்ப்பவர். அவருக்கு மேலே இடப்பக்கம் விமானி, விமானிக்கு வலப்பக்கம் ஃப்ளைட் இன்ஜினியர். பின்னால், வெளிச்சம் வெளியே கசியாதபடி திரை இழுத்துவிட்டு வரைபடத்தோடு உட்கார்ந்திருப்பவர் நேவிகேட்டர். அடுத்து ஒயர்லெஸ் ஆபரேட்டர். இறக்கைகளைத் தாங்கும் பெரிய குறுக்குச் சட்டத்தை ஏறித் தாண்டினால் முதுகுக் கூண்டில் ஒரு கன்னர். வால்நுனிக் கூண்டில், நான்கு இயந்திரத் துப்பாக்கிகளோடு, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டியபடி பின்பக்க கன்னர். ஆக ஏழு பேர். யார் எங்கே இருந்தார் என்பதே பல சமயம் யார் பிழைத்தார் என்பதையும் தீர்மானித்தது.

பின்னாளில் புகழ்பெற்ற இயற்பியலாளர் ஃப்ரீமேன் டைசன் அப்போது இருபது வயது தாண்டாத இளைஞர், பாம்பர் கமாண்டின் ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தவர். சுட்டு வீழ்த்தப்பட்ட ஹாலிஃபாக்ஸ் விமானங்களிலிருந்து நூற்றுக்குச் சுமார் 25 பேர் தப்பியதாகவும், லங்காஸ்டரிலிருந்து 15 பேர்தான் தப்பியதாகவும் அவர் எழுதியிருக்கிறார். லங்காஸ்டரில் தரைப்பக்க வெளியேறும் துளையின் அகலம் 22 அங்குலம். கனத்த உடையும் பாராசூட்டுமாக, இருட்டில், சுழன்று விழும் விமானத்தில் அதன் வழியாக வெளியேற வேண்டும். ஓரிரு அங்குலம் கூடுதலாக இருந்திருந்தால் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள் என்ற எண்ணம் டைசனை வாழ்நாள் முழுதும் உறுத்தியது. படிக்கிற நமக்கும் அது எளிதில் ஆறுவதில்லை.

தேடல் பெரும்பாலும் ஒரு புகைப்படத்தில் தொடங்கும். இடது மார்பில் இரட்டைச் சிறகு இருந்தால் அவர் விமானி. ஒற்றைச் சிறகு இருந்தால் அதன் வளையத்துக்குள் உள்ள எழுத்தைப் பார்க்க வேண்டும்: 'என்' நேவிகேட்டர், 'இ' இன்ஜினியர், 'பி' குண்டு குறிபார்ப்பவர், 'ஏஜி' கன்னர். படத்தில் விமானமும் இருந்தால் இன்னும் நல்லது. அதன் பக்கவாட்டில் வட்டச் சின்னத்துக்கு ஒருபுறம் இரண்டு எழுத்து, மறுபுறம் ஒரு எழுத்து இருக்கும். இரண்டு எழுத்து ஸ்குவாட்ரனைக் குறிக்கும், ஒற்றை எழுத்து அந்தத் தனி விமானத்தை. 'டிஎல்' என்றால் 35ஆம் ஸ்குவாட்ரன். கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் சேகரிப்பில் இருக்கும் 'ஜி ஃபார் ஜார்ஜ்' லங்காஸ்டரின் உடலில் 'ஏஆர்', 'ஜி' என்று எழுதியிருக்கும். அது 460ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்தது, 90 முறை போய்த் திரும்பியது.

இங்கேதான் புதிதாகத் தேடுகிறவர்கள் சறுக்குகிறார்கள். விமானம் ஒன்று விழுந்தால் அதன் ஒற்றை எழுத்தை அடுத்து வந்த விமானத்துக்குச் சூட்டிவிடுவார்கள். 'எங்க தாத்தா ஜார்ஜில் பறந்தார்' என்று குடும்பத்தில் சொன்னால் அது எத்தனையாவது ஜார்ஜ் என்று பார்க்க வேண்டும். மாறாதது விமானத்தின் வரிசை எண் மட்டுமே. கான்பெரா விமானத்துக்கு அது டபிள்யூ4783. அந்த எண்ணையும் தேதியையும் பிடித்துவிட்டால் பதிவேட்டில் உரிய வரிக்குப் போய்விடலாம். தேதியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இரவில் கிளம்பி விடியலில் திரும்புவதால் ஒரே பறப்புக்கு இரண்டு தேதி உண்டு. தந்தியில் ஒரு நாளும் கல்லறையில் மறுநாளும் இருப்பதைப் பிழை என்று நினைத்துவிடக் கூடாது.

ஆளின் படைப்பணி எண்ணிலும் இதே மாதிரிச் சிக்கல் உண்டு. சார்ஜென்டாக இருந்தவர் அதிகாரியாக உயர்ந்தால் புது எண் தரப்படும். ஒரே மனிதர் இரண்டு எண்களில் இருப்பார், தேடுகிறவர் இரண்டு மனிதர்கள் என்று நினைத்துக்கொள்வார். கனடாக்காரர்களின் எண்ணில் முன்னெழுத்து 'ஜே' என்றால் அதிகாரி, 'ஆர்' என்றால் கீழ்நிலை வீரர்.

பறப்புக் குறிப்பேடு வீட்டிலேயே கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பயிற்சியின் முதல் நாளிலிருந்து ஒவ்வொரு பறப்பும் அதில் இருக்கும், இரவுப் பறப்புகள் சிவப்பு மையில். மேலதிகாரி மாதந்தோறும் கையெழுத்திட்டிருப்பார். குறிப்பேடு இல்லாவிட்டால் காகிதங்களை ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். பிரிட்டனில் படைப்பணிக் கோப்புகள் பாதுகாப்பு அமைச்சகத்திடமிருந்து தேசிய காப்பகத்துக்கு மாறிவருகின்றன. கனடாவில் போரில் இறந்தவர்களின் கோப்புகள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. என் பார்வையில் இவற்றுள் மிகச் செழிப்பானவை ஆஸ்திரேலிய தேசிய காப்பகத்தின் 'ஏ705' வரிசைக் கோப்புகள். அவற்றில் அரசுக் கடிதங்களோடு, மகனைப் பற்றித் தகவல் கேட்டு மீண்டும் மீண்டும் எழுதிய பெற்றோரின் கடிதங்களும், உயிர் பிழைத்துச் சிறையிலிருந்து திரும்பியவர்களின் வாக்குமூலங்களும் சேர்ந்தே இருக்கின்றன. பல கோப்புகளை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். லிங்கனில் உள்ள பன்னாட்டு பாம்பர் கமாண்ட் மையத்தின் இழப்புத் தரவுத்தளம் இறந்தவர் ஒவ்வொருவரையும் அவருடைய விமானத்தோடும் குழுவோடும் இணைத்துக் காட்டுகிறது. முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

அமெரிக்கக் குழுக்களைத் தேடுவோருக்கு ஒரு பெரிய தடை உண்டு. செயின்ட் லூயிஸில் இருந்த படைவீரர் ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலையில் ஏற்பட்ட தீயில் அந்தக் காலத் தரைப்படைக் கோப்புகளில் பெரும்பகுதி எரிந்துபோனது. அன்றைய அமெரிக்க விமானப் படையினர் தரைப்படையின் கீழ் இருந்தவர்கள் என்பதால் அவர்களுடைய கோப்புகளும் அதோடு போயின. ஆனால் விமானம் காணாமல் போகும்போது எழுதப்பட்ட தனி அறிக்கைகள் தப்பியிருக்கின்றன. ஆளின் தாள் எரிந்தும் குழுவின் தாள் மிஞ்சியது.

குழு உருவான விதமும் தேடலுக்கு உதவும். பயிற்சி நிலையத்தில் விமானிகள், நேவிகேட்டர்கள், கன்னர்கள் எல்லோரையும் ஒரு ஹேங்கரில் கொண்டுபோய் விட்டு, நீங்களே ஒருவரையொருவர் தேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். முகத்தைப் பார்த்து, இரண்டு வார்த்தை பேசி, ஐந்து பேர் ஒன்று சேர்வார்கள். நான்கு எஞ்சின் விமானத்துக்கு மாறும்போது இன்ஜினியரும் இரண்டாவது கன்னரும் வந்து ஏழாவார்கள். அதன் பிறகு ஒரு பணிச்சுற்றின் 30 பறப்புகள் முடியும்வரை ஒன்றாகவே பறப்பார்கள். அதனால் உங்கள் உறவினரின் காகிதம் தொலைந்திருந்தாலும் அவருடைய நேவிகேட்டரின் குறிப்பேடு கிடைத்தால் இருவரின் கதையும் ஏறக்குறைய கிடைத்துவிடும்.

'ஏறக்குறைய' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். புது விமானி தன் குழுவை அழைத்துப் போகும் முன், அனுபவசாலிகளோடு எட்டாவது ஆளாக ஓரிரு முறை போய்ப் பார்த்து வருவது வழக்கம். அந்தப் பறப்பிலேயே அவர் இறந்தால், யாரென்றே தெரியாத குழுவோடு அவர் பெயர் சேர்ந்துவிடும். அவர் விட்டுப்போன ஆறு பேரும் தலைவனில்லாமல் வேறு வேறு குழுக்களுக்குப் பிரிந்துபோவார்கள். காய்ச்சலில் படுத்த கன்னருக்குப் பதிலாக அன்று மட்டும் ஏறியவர்களும் உண்டு. பதிவேட்டில் ஒரே பெயர் திடீரென்று வேறு குழுவில் தென்பட்டால் முன்பின் பக்கங்களைப் புரட்டிப் பார்க்காமல் முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

கல்லறைகளும் பேசும். ஜெர்மனியில் உள்ள, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் ரைஷ்வால்ட் மயானத்தில் மட்டும் சுமார் 4,000 விமானப்படையினர் கிடக்கிறார்கள். ஒரு குழுவினரின் கற்கள் நெருக்கமாக ஒட்டி நின்றாலோ, கூட்டுக் கல்லறை என்று குறித்திருந்தாலோ, பெரும்பாலும் அவர்கள் விமானத்தோடேயே விழுந்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் தள்ளியிருந்தால், அவர் குதித்திருக்கலாம், அல்லது வேறிடத்தில் கண்டெடுக்கப்பட்டிருக்கலாம். போர் முடிந்த கையோடு, காணாமல் போன 40,000க்கும் மேற்பட்ட விமானப்படையினரைத் தேடும் குழுக்கள் ஐரோப்பா முழுதும் கிராமம் கிராமமாக அலைந்தன. ஊர்த்தலைவர்களையும் வெட்டியான்களையும் விசாரித்து, புதைகுழிகளைத் திறந்து, சலவைக்குறியையும் மோதிரத்தையும் வைத்து அடையாளம் கண்டார்கள். அந்தக் கொடிய வேலையைச் செய்தவர்களுக்கு நாம் போதிய அளவு நன்றி சொன்னதில்லை. கல்லறையே இல்லாத 20,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் 1953இல் திறக்கப்பட்ட ரன்னிமீட் நினைவகத்தின் சுவர்களில் உள்ளன.

அந்தச் சுவரிலிருந்தும் சிலர் மீண்டும் கண்டறியப்படுகிறார்கள். நெதர்லாந்தின் மார்க்கர்மேர் ஏரியில் கிடந்த ஸ்டிர்லிங் விமானம் ஒன்றை 2020இல் மேலே எடுத்தார்கள். முதலில் அதை வேறொரு வரிசை எண்ணுள்ள விமானம் என்றே நம்பியிருந்தார்கள். அங்கே கிடைத்த ஒரு சிகரெட் டப்பாவில் இருந்த முதலெழுத்துகள் அந்தக் குழுவில் யாருக்கும் பொருந்தவில்லை, 1943 மார்ச்சில் பெர்லின் போய்த் திரும்பாத பிகே716இன் குழுவில் ஒருவருக்குப் பொருந்தின. ஒரு டப்பாவின் உரிமையாளர் தெரிந்ததும் ஏழு குடும்பங்களுக்கும் விடை கிடைத்தது.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு செய்தி. மேலே சொன்ன 35ஆம் ஸ்குவாட்ரனின் முழுப் பெயர் '35 (மதராஸ் பிரெசிடென்சி) ஸ்குவாட்ரன்'. 99ஆம் ஸ்குவாட்ரனுக்கும் அதே பெயர்தான். மதராஸ் மாகாணத்தில் திரட்டிய போர் நிதிக்காகச் சூட்டப்பட்டவை இவை. முதன்முதலில் ஹாலிஃபாக்ஸ் விமானத்தைப் பெற்றது 35, 1942 ஆகஸ்டிலிருந்து இலக்குகளை வண்ண ஒளியால் குறியிடும் பாத்ஃபைண்டர் படையில் இருந்தது. 99 அதே ஆண்டில் இந்தியாவுக்கு வந்து, வெலிங்டன் விமானங்களோடு பர்மாப் போரில் ஈடுபட்டது. அவற்றில் பறந்தவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ்காரர்களும் டொமினியன் நாட்டவரும். பணம் கொடுத்த மாகாணத்தின் பெயர் மட்டும் அந்தப் பதிவேடுகளில் நின்றுவிட்டது.

இந்தத் தேடலில் ஒரு கடமையும் உண்டு என்று நினைக்கிறேன். பதிவேட்டில் 'ஹாம்பர்க்' என்று ஒரு சொல்லாக இருப்பது, 1943 ஜூலையின் கடைசி நாட்களில் 30,000க்கும் மேற்பட்டவர்கள் தீயில் மடிந்த ஊர். தாத்தாவின் 30 பறப்புகளையும் வரிசைப்படுத்துகிறவர், அந்த 30 இரவுகளில் கீழே என்ன நடந்தது என்பதையும் படிக்க வேண்டும். லிங்கன் மையத்தின் மின்காப்பகம் விமானக் குழுவினரின் நேர்காணல்களோடு குண்டுகளுக்குக் கீழே இருந்த ஜெர்மானிய, இத்தாலியப் பொதுமக்களின் நினைவுகளையும் சேர்த்தே வைத்திருக்கிறது. மிகச் சரியான செயல் அது. தாத்தா மீதுள்ள அன்பு அதனால் குறைந்துவிடாது. அவர் ஏன் வாழ்நாளெல்லாம் அதைப் பற்றிப் பேசவில்லை என்பது ஒருவேளை அங்கேதான் புரியும்.

எல்லாக் காகிதமும் தீர்ந்துவிட்டது என்று தோன்றும்போது செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கும். ஒரு விமானம் திரும்பாவிட்டால், அதில் சென்ற மற்றவர்களின் நெருங்கிய உறவினர் முகவரிகளை ஒவ்வொரு குடும்பத்துக்கும் அனுப்பிவைக்கும் வழக்கம் இருந்தது. தாய்மார்களும் மனைவிகளும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள், மகன் எழுதிய கடிதங்களைப் படியெடுத்து அனுப்பினார்கள், குழுவாக நின்று எடுத்த படங்களைப் பகிர்ந்தார்கள். உங்கள் பெரிய மாமா சிரிப்பதைக் காட்டும் ஒரே படம் ஒண்டாரியோவிலோ யார்க்ஷயரிலோ, அவருடைய ஒயர்லெஸ் ஆபரேட்டரின் தங்கை மகளிடம் இருக்கலாம். அந்தப் பையன்களில் அவர் யார் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்கும். பதிவேட்டில் உங்கள் உறவினரின் பெயரோடு சேர்ந்திருக்கும் ஆறு பெயர்களையும் எழுதிக்கொண்டு, அவர்களுடைய குடும்பங்களுக்கு எழுதத் தொடங்குங்கள்.