ஈரலுக்கு விலாசம் சொல்லும் சர்க்கரை

மருந்தைக் கண்டுபிடிப்பது பெரிய காரியம்தான். ஆனால் அந்த மருந்தை உடம்பில் தேவையான உறுப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சில வேளைகளில் அதைவிடப் பெரிய காரியமாகி விடுகிறது. விலாசம் எழுதாத கடிதம் உரியவர் கைக்கு எப்படிப் போய்ச் சேரும்? ஒரு புதுவகை மருந்துக்கு விஞ்ஞானிகள் சர்க்கரையைக் கொண்டு விலாசம் எழுதிய கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் நம்மிடையே ஏராளம். ஆகவே, வாசகர்களே, இது நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி அன்று.

சீட்டைக் கிழிக்கும் மருந்து

நம் உயிரணுக்களில் மரபணு என்னும் பெரிய புத்தகம் இருக்கிறது. எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்ற விவரம் அதில் உள்ளது. அந்தப் புத்தகம் ஆபீசை விட்டு வெளியே வருவதில்லை. அதிலிருந்து நகல் எடுத்த சீட்டு ஒன்றுதான் வேலை நடக்கும் இடத்துக்குப் போகிறது. அந்தச் சீட்டின் பெயர் தூது ஆர்.என்.ஏ. கெடுதல் செய்யும் புரதத்தின் சீட்டை மட்டும் கிழித்துவிட்டால், அந்தப் புரதம் குறைந்துவிடும் அல்லவா?

மிகச் சிறிய ஆர்.என்.ஏ. துண்டுகளைக் கொண்டு இதைச் செய்ய முடியும். இதற்கு அடிப்படையான உண்மையை ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ என்ற இருவர் 1998இல் ஒரு சிறு புழுவில் ஆராய்ந்து வெளியிட்டார்கள். 2006இல் அவர்களுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் ஒரு சிக்கல். இந்தத் துண்டுகளை அப்படியே ஊசியில் ஏற்றினால், இரத்தத்திலுள்ள நொதிகள் அவற்றைச் சிதைத்துவிடும். மிச்சத்தைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளிவிடும். தப்பிப் பிழைத்தவையும் உயிரணுவின் சவ்வைத் தாண்டி உள்ளே போக முடியாமல் வாசலிலேயே நின்றுவிடும்.

ஈரல் அடையாளம் காணும் சர்க்கரை

இதற்கான விடை பல ஆண்டுகளுக்கு முன்பே வேறோர் ஆராய்ச்சியில் கிடைத்திருந்தது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கில்பர்ட் ஆஷ்வெல், அனடோல் மொரெல் என்ற இருவர், இரத்தத்தில் செம்பைச் சுமந்து செல்லும் ஒரு புரதத்தை ஆராய்ந்து வந்தார்கள். அந்தப் புரதத்தின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. அவற்றின் நுனியிலுள்ள ஒரு பகுதியை நீக்கிவிட்டு முயலின் உடம்பில் செலுத்தினார்கள். சில நிமிடங்களில் அது இரத்தத்திலிருந்து மறைந்து ஈரலில் போய்ச் சேர்ந்தது!

காரணம் என்ன? நுனியை நீக்கியதும் உள்ளேயிருந்த காலக்டோஸ் என்ற சர்க்கரை வெளியே தெரிந்தது. ஈரல் அணுக்களின் மேற்பரப்பில் அந்தச் சர்க்கரையைப் பற்றி உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் ஏராளமாக இருக்கின்றன. சுமையை உள்ளே இறக்கிவிட்டு, ஏற்பி மீண்டும் மேற்பரப்புக்கு வந்து அடுத்த சுமைக்குக் காத்திருக்கும்.

மூன்று கொக்கிகள்

காலக்டோஸுக்கு நெருங்கிய உறவான இன்னொரு சர்க்கரையை ஈரல் இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. அதைச் சுருக்கமாக கால்நாக் என்பார்கள். ஒன்றாக இல்லாமல், சரியான இடைவெளியில் மூன்றைச் சேர்த்து வைத்தால் பிடி பல மடங்கு பலமாகிறது. மருந்துத் துண்டின் ஒரு நுனியில் இந்த மூன்று கொக்கிகளையும் பொருத்தினால் அதுவே விலாசம்.

இப்பணியில் முன்னின்றவர்களுள் ஒருவர் தமிழர் என்பது நமக்குப் பெருமை. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் இரசாயனம் படித்த முத்தையா மனோகரன், 2003இல் அல்னைலம் என்ற அமெரிக்க நிறுவனத்தில் சேர்ந்தார். அவரும் சக ஆய்வாளர்களும் கால்நாக் பொருத்திய மருந்தைப் பற்றிய முக்கியமான ஆய்வை 2014இல் வெளியிட்டார்கள்.

எடுத்த எடுப்பிலேயே எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை. ரெவுசிரான் என்ற கால்நாக் மருந்தைப் பரிசோதித்தபோது, அதைப் பெற்றவர்களிடையே மரணங்கள் கூடுதலாக இருந்ததால் 2016இல் சோதனையை நிறுத்தினார்கள். அந்த மருந்தை வாரந்தோறும் 500 மில்லிகிராம் கொடுக்க வேண்டியிருந்தது. பின்னர் ஆர்.என்.ஏ. எளிதில் சிதையாதபடி அதன் இரசாயன அமைப்பைத் திருத்தினார்கள். அப்படி வந்த உட்ரிசிரான், அதே நோய்க்கு 3 மாதத்துக்கு ஒருமுறை வெறும் 25 மில்லிகிராம் போதும் என்ற நிலைக்கு வந்து, 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்நோய்க்கு 2018இல் வந்த பட்டிசிரான் என்ற மருந்தைக் கொழுப்புத் துகளில் பொதிந்து, 3 வாரத்துக்கு ஒருமுறை நரம்பின் வழியே சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். கால்நாக் மருந்தையோ தோலுக்கடியில் ஓர் ஊசியாகப் போட்டுவிடலாம்.

கொழுப்புக்கும் ஊசி

இந்த வகையில் இன்க்ளிசிரான் என்ற கொழுப்பு மருந்தும் உண்டு. 2020இல் ஐரோப்பாவிலும் 2021இல் அமெரிக்காவிலும் அது அனுமதிக்கப்பட்டது. கெட்ட கொழுப்பை இரத்தத்திலிருந்து ஈரல் அகற்றுவதைத் தடுக்கும் ஒரு புரதத்தை இது குறைக்கிறது. முதல் ஊசிக்குப் பின் 3 மாதத்தில் ஒன்று, பிறகு 6 மாதத்துக்கு ஒன்று. சோதனைகளில் கெட்ட கொழுப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மாத்திரையை மறந்துவிடுகிறவர்களுக்கு இது எவ்வளவு வசதி!

நாம் கவனிக்க வேண்டியவை

"சர்க்கரை ஈரலுக்கு நல்லதாம்" என்று யாரும் தேநீரில் கூடுதலாகச் சீனி போட்டுவிடக் கூடாது. கால்நாக் வேறு, சீனி வேறு. சீனி மிகுந்தால் ஈரலில் கொழுப்புதான் சேரும். குடியால் கெட்டுப்போன ஈரலையும் இந்த ஊசி சீராக்காது.

இந்த மருந்துகளின் விலை மிக அதிகம். குளுவாங்கிலோ சிகாமட்டிலோ அரசாங்க கிளினிக்கில் கொடுக்கும் கொழுப்பு மாத்திரை, பல ஆண்டுகளாக மாரடைப்பைக் குறைத்துவரும் நம்பகமான மருந்து. "புது ஊசி வரப்போகிறதாமே" என்று அதை நிறுத்துவது ஆபத்து. சந்தேகம் இருந்தால் டாக்டரைக் கேளுங்கள்.

பெற்றோர்களே, இன்னொன்றும் சொல்ல வேண்டும். செம்புப் புரதத்தையும் சிறு புழுவையும் ஆராய்ந்தவர்கள், அது பின்னாளில் இப்படியொரு மருந்தாகும் என்று அறிந்து செய்யவில்லை. உங்கள் பிள்ளை அறிவியல் பாடத்தில் ஏதாவது கேட்டால், "இதெல்லாம் எதற்கு?" என்று அடக்கிவிடாதீர்கள். பதில் தெரியாவிட்டால், மறுநாள் ஆசிரியரிடம் கேட்டு வரச் சொல்லி அனுப்புங்கள்.