பெரிய ஆய்வுக்கு முன் வரும் சின்னப் பணம்

பருவநிலை மாற்றமும் உடல்நலமும் குறித்த ஆய்வுக்கு விதை நிதி கொடுத்திருக்கிறோம் என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது அறிவிக்கின்றன. விதை நிதி என்றதும் நமக்கு ஸ்டார்ட்-அப் கம்பெனிதான் ஞாபகத்துக்கு வரும். இது அதுவல்ல. இதில் முதலீட்டாளரும் இல்லை, பங்கும் இல்லை. பல்கலைக்கழகம் தன் கைப்பணத்தில் தன் பேராசிரியருக்கே கொடுக்கும் சிறு தொகை. பெரும்பாலும் ஓராண்டுக்கு, மிஞ்சினால் இரண்டாண்டுக்கு. அதை வைத்து யாரும் பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட வேண்டியதில்லை. பெரிய இடத்தில் பணம் கேட்கப் போகும்போது காட்டுவதற்குக் கையில் கொஞ்சம் தரவு இருந்தால் போதும்.

அந்தப் பெரிய இடம் அமெரிக்காவில் பெரும்பாலும் என்.ஐ.எச். எனப்படும் தேசிய சுகாதார நிறுவனம். அங்கே ஐந்து பேர் விண்ணப்பித்தால் ஒருவருக்குக் கிடைப்பதே பெரிது. முன்னோட்டத் தரவு கட்டாயம் என்று விதியில் இல்லாவிட்டாலும், மதிப்பிட உட்காருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான்: ‘இது நடக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்?’ ஆதாரம் திரட்டப் பணம் வேண்டும். பணம் கிடைக்க ஆதாரம் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் விதை நிதியின் வேலை.

எல்லாத் துறைக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஆனால் பருவநிலையும் உடல்நலமும் சேரும் இடத்தில் அது இன்னும் கூடுதல். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை வளிமண்டல ஆய்வுக்குக் கொடுக்கும்; நோய் தொடர்பான ஆய்வென்றால் பொதுவாகக் கொடுக்காது. என்.ஐ.எச். நோய்க்குக் கொடுக்கும், வானிலை அதன் பழக்கப்பட்ட களமல்ல. வெயிலால் சிறுநீரகம் கெடுகிறதா என்ற கேள்வி இரண்டுக்கும் நடுவில் தொங்கும். அதனால்தான் பல விதை நிதித் திட்டங்களில் வேறு வேறு துறையைச் சேர்ந்த இருவராவது சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறார்கள்.

இந்தப் பணம் எதற்குச் செலவாகிறது என்பதைப் பார்க்க நம்மூர் ஆய்வொன்றையே எடுத்துக்கொள்வோம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017-இல் தொடங்கி, தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற கடும் வெப்பம் உள்ள இடங்களில் வேலை செய்தவர்கள். அவர்களுக்குக் கருச்சிதைவு போன்ற பாதிப்புகளின் அபாயம் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. 2024-இல் வெளியான முடிவு இது.

இவ்வளவு பெரிய ஆய்வில் எடுத்தவுடன் இறங்க முடியாது. முதலில், வெப்பத்தை எங்கே அளப்பது? விமான நிலையத்து வெப்பமானி காட்டும் அளவு சூளை வாயிலில் நிற்கும் பெண்ணின் உடம்புக்குப் பொருந்தாது. அதற்கென்று ஒரு கருவி உண்டு. ஒரு வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும், இன்னொன்று கறுப்பு உருண்டைக்குள் இருக்கும், மூன்றாவது நிழலில் சும்மா இருக்கும். வெட்டவெளியில் ஈரத்துணியின் அளவுக்கு 70 விழுக்காடு, கறுப்பு உருண்டைக்கு 20, மற்றதற்கு 10 என்று எடை கொடுத்துக் கூட்டினால் ஒரே எண் கிடைக்கும். வியர்வை காயுமா காயாதா என்பதைப் பொறுத்தே உடம்பு குளிர்வதால்தான் ஈரத்துணிக்கு அவ்வளவு மதிப்பு. இந்தக் கருவியைச் சூளைக்காரர் உள்ளே வைக்க விடுவாரா? வேலை நடுவே சிறுநீர் மாதிரி கொடுக்கப் பெண்கள் சம்மதிப்பார்களா? பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவர்களில் எத்தனை பேர் ஆய்வை விட்டு நழுவுவார்கள்? கடைசிக் கேள்விக்கு விடை தெரியாமல் 800 பேர் வேண்டுமா, 2,000 பேர் வேண்டுமா என்று கணக்குப் போடவே முடியாது.

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை காண ஒரு சிறு குழுவை வைத்துச் செய்யும் ஒத்திகைக்குத்தான் விதை நிதி. கருவி வாடகை, களப்பணியாளர் கூலி, பரிசோதனைச் செலவு எல்லாம் அதில் அடங்கும். பேராசிரியரின் சம்பளத்துக்குப் பொதுவாக இதிலிருந்து எடுக்க விடுவதில்லை.

பருவநிலைக்கென்றே பெரிதாக ஒதுக்கிய நிதிகளும் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 2014-இல், ட்ரூ ஃபாஸ்ட் தலைவராக இருந்தபோது, பருவநிலைத் தீர்வுகளுக்கென 2 கோடி டாலர் நிதியை அறிவித்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2023-இல் 38 பருவநிலைத் திட்டங்களுக்கு 8 கோடி டாலருக்கு மேல் பகிர்ந்தது. அது மாநில அரசு கொடுத்த பணம். இரண்டிலும் உடல்நலம் ஒரு பகுதிதான்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு உறுத்தும் விஷயம் காலக்கணக்கு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நிதியாண்டு ஜூலையில் தொடங்கும். நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, ஆள் எடுத்து, கருவி வருவதற்குள் அக்டோபர் ஆகிவிடும். அங்கே கோடை முடிந்திருக்கும். வெப்பத்தை ஆராயக் கிடைத்த ஓராண்டுப் பணத்தில், அடுத்த கோடையின் தொடக்க வாரங்கள்தான் மிஞ்சும். டெங்குவோ வெள்ளமோ என்றால் இன்னும் மோசம். அவை நம் நாட்காட்டியைப் பார்த்து வருவதில்லை. இன்னொன்று, எத்தனை மடங்கு வெளிப்பணம் வந்தது என்பதை வைத்தே பல பல்கலைக்கழகங்கள் இதன் வெற்றியை எடைபோடுகின்றன. ‘இந்த வழி சரிவராது’ என்று குறைந்த செலவில் காட்டிய ஒத்திகையை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

2025-இல் நிலைமை மாறியது. பருவநிலை மாற்றத்தின் உடல்நல விளைவுகள் குறித்த புதிய ஆய்வுகளுக்கு இனி நிதி தருவதில்லை என்ற முடிவுக்கு என்.ஐ.எச். வந்தது, 2021-இல் தானே தொடங்கிய பருவநிலை-உடல்நல முன்முயற்சியையும் கைவிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில், ஆய்வு மானியத்தோடு பல்கலைக்கழகத்துக்குத் தரும் நிர்வாகச் செலவுத் தொகைக்கு 15 விழுக்காடு என்று உச்சவரம்பு அறிவித்தது. நீதிமன்றம் அதைத் தடுத்திருக்கிறது. பல பல்கலைக்கழகங்கள் விதை நிதிக்கு எடுப்பது அந்தத் தொகையிலிருந்துதான் என்பதால் கலக்கம் மட்டும் தீரவில்லை. மே மாதம், அமெரிக்கப் பல்கலைக்கழகம் தன் மானியத்தில் ஒரு பங்கை வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கும் பழைய ஏற்பாட்டையும் என்.ஐ.எச். நிறுத்தி, வேறு முறை கொண்டுவருவதாகச் சொன்னது. இந்திய ஆய்வு மையங்கள் பலவற்றுக்கு அமெரிக்கப் பணம் வந்துகொண்டிருந்த வழி அது.

ஆகவே இனி இப்படியொரு அறிவிப்பைப் பார்த்தால் தொகையோடு நின்றுவிட வேண்டாம். எத்தனை மாதத்துக்கு, எந்தப் பருவத்தில், முடிந்ததும் எந்த நிறுவனத்தின் கதவைத் தட்டப்போகிறார்கள் என்பதையும் பாருங்கள். கடைசிக் கேள்விக்கு விடையாக இப்போது தனியார் அறக்கட்டளைகளின் பெயர் இருந்தால் வியப்பில்லை.