நான்கு பேரரசர்கள் பெயர் பொறித்த பள்ளத்தாக்கு... தெரியுமா?

ஒரு கரையில் செர்பியா, மறுகரையில் ருமேனியா, நடுவே டான்யூப். கார்பேத்தியன் மலைகளையும் பால்கன் மலைகளையும் பிளந்துகொண்டு அந்த ஆறு சுமார் 100 கிலோமீட்டர் பாய்கிற பள்ளத்தாக்குக்கு 'இரும்பு வாசல்' என்று பெயர். நான்கு ரோமானியப் பேரரசர்கள் இதன் பாறைகளில் பெயர் பொறித்தார்கள். அவர்களிடம் தோற்ற அரசனின் முகம் இங்கே ஒரு மலையளவுக்கு நிற்கிறது. அவர்களுக்கெல்லாம் 6,000 ஆண்டுகள் முன்பே இங்கே ஒரு ஊர் இருந்தது! வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

8,000 ஆண்டுக்கு முன்பே வீட்டு மனை வரைபடம்!

செர்பியக் கரையில் இருக்கிறது லெபென்ஸ்கி வீர். சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்தவர்கள் மீன்பிடிப்பவர்கள், வேட்டையாடுபவர்கள். ஆனால் அவர்கள் கட்டிய வீடுகளைப் பாருங்கள்: அத்தனையும் சரிவகம்! அகலமான பக்கம் ஆற்றைப் பார்த்தபடி, குறுகிய பக்கம் மலையைப் பார்த்தபடி, எல்லாம் ஒரே அளவு விகிதத்தில். தரைக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசி, கெட்டியாக்கி, நடுவில் கற்பலகைகளால் நீள்சதுர அடுப்பு அமைத்திருக்கிறார்கள். எதிர்க்கரையில் ட்ரெஸ்காவட்ஸ் என்ற குன்று நிற்கிறது. அதன் உச்சியும் சரிவகம்தான்! தினமும் கண்ணெதிரே தெரிந்த குன்றைப் பார்த்துத்தான் வீட்டின் வடிவத்தை முடிவு செய்தார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

மீன் முகத்தில் மனிதச் சிலைகள்!

அந்த அடுப்புகளின் அருகே மணற்கல் உருண்டைகளில் செதுக்கிய சிலைகள் கிடைத்தன. உருண்டைக் கண்கள், கீழ்நோக்கி வளைந்த தடித்த உதடுகள். மனித முகமா, மீன் முகமா என்று சட்டெனச் சொல்ல முடியாது. ஏன் மீன்? கருங்கடலில் இருந்து ஸ்டர்ஜன் மீன்கள் முட்டையிட இந்த ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு வந்த காலம் அது. ஆளைவிடப் பெரிய மீன்கள்! அந்த ஊருக்குச் சோறு போட்டது அந்த ஆறுதான். சிலைகளுக்கு மீன் முகம் வைத்ததில் என்ன வியப்பு?

ஒரு ஊரையே தூக்கி மேலே வைத்தார்கள்!

1965 முதல் 1970 வரை பெல்கிரேட் பல்கலைக்கழகத்தின் ட்ராகொஸ்லாவ் ஸ்ரெயோவிச் தலைமையில் இங்கே அகழாய்வு நடந்தது. அதே நேரத்தில் கீழே அணை எழும்பிக்கொண்டிருந்தது. யூகோஸ்லாவியாவும் ருமேனியாவும் சேர்ந்து கட்டிய அந்த அணை 1972-இல் முடிந்தது. நீர் ஏறுவதற்குள் வீட்டுத் தரைகளைப் பெயர்த்து, சுமார் 30 மீட்டர் உயரத்தில் மறுபடி பதித்துவிட்டார்கள்! இன்று அவற்றுக்கு மேலே கண்ணாடியும் எஃகும் சேர்ந்த பெரிய கூரை இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. துருக்கியர்கள் வாழ்ந்த அடா காலே தீவு நீருக்குள் போனது. ஸ்டர்ஜன் மீன்களின் பாதையும் அணையோடு அடைபட்டது.

முதல் கையெழுத்து டைபீரியஸ்!

இந்தப் பள்ளத்தாக்கு வழியே ரோமானியர்களின் படையும் உணவும் போக வேண்டுமென்றால் சாலை வேண்டும். செங்குத்துப் பாறையில் சாலையா? கி.பி. 33-34-இல் நான்காம் ஸ்கித்திகா, ஐந்தாம் மாசிடோனிகா என்ற இரண்டு படையணிகள் உளியும் சுத்தியலுமாக இறங்கின. பேரரசர் டைபீரியஸின் பெயரைப் பாறையில் பொறித்தன. அடுத்து கிளாடியஸ், பிறகு டொமிஷியன், கடைசியாக டிராஜன். அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த வேலை இது!

இந்த டைபீரியஸ் நமக்கும் பழக்கமானவர்தான். கோவை, கரூர் வட்டாரங்களில் புதையல் புதையலாகக் கிடைத்த ரோமானிய நாணயங்களில் அவர் முகம் பொறித்தவை ஏராளம். டான்யூப் பாறையில் பெயர், கொங்கு மண்ணில் முகம்!

ஆற்றின் மேல் தொங்கிய சாலை!

பாறையைக் குடைந்தும் போதிய அகலம் கிடைக்காத இடத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? சுவரில் வரிசையாகச் சதுரத் துளைகள் இட்டார்கள். அவற்றில் உத்திரங்களைச் செருகினார்கள். உத்திரத்தின் மேல் பலகை அடித்தார்கள். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போல ஆற்றுக்கு மேலே ஒரு சாலை! படைகள் அதில் நடந்தன; படகுகளைக் கயிறு கட்டி எதிரோட்டத்தில் இழுத்ததும் இதன் மேல் நடந்துதான். இன்று அந்தச் சாலை அணை நீருக்கு அடியில் கிடக்கிறது.

"மலையை வெட்டினார்" என்று சொல்லும் கல்!

கி.பி. 100-இல் சாலை முடிந்ததும் டிராஜன் வைத்த கல்வெட்டுதான் 'டபுலா டிராயானா'. சுமார் 4 மீட்டர் அகலம், 1.75 மீட்டர் உயரம். மேலே சிறகு விரித்த கழுகு, பக்கங்களில் டால்பின்கள். பட்டங்களை எல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, மலைகளை வெட்டி, உத்திரங்களைப் பொருத்தி இந்தச் சாலையை அமைத்தார் என்று முடிகிறது வாசகம். அணை வந்தபோது பாறையோடு அறுத்தெடுத்து இதையும் இருபது மீட்டருக்கு மேல் உயர்த்தி வைத்தார்கள். அது இருக்கிற செர்பியக் கரையில் நின்றால் கண்ணில் படாது. படகில் போனால் நேரே தரிசனம்!

ஆயிரம் ஆண்டுச் சாதனைப் பாலம்!

சாலையோடு டிராஜன் நிற்கவில்லை. பள்ளத்தாக்குக்குக் கீழே, டமாஸ்கஸ் நகரத்து அப்போலோடோரஸ் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு கி.பி. 103-105-இல் டான்யூப் மேல் பாலம் கட்டினார். 20 கல் தூண்கள், மேலே மர வளைவுகள், மொத்த நீளம் சுமார் 1,135 மீட்டர்! அதற்குப் பிறகு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதைவிட நீளமான வளைவுப் பாலத்தை யாரும் கட்டவில்லை. எதிரிகள் இதன் வழியே வந்துவிடக் கூடாது என்று அடுத்த பேரரசர் ஹாட்ரியன் மேல்தளத்தைப் பிரித்துவிட்டார். செர்பியாவின் கொஸ்டோலிலும், எதிர்க்கரையில் ட்ரொபேட்டாவிலும் தூண்களின் மிச்சம் இன்றும் நிற்கிறது.

ஜெயித்தவருக்குப் பலகை, தோற்றவருக்கு மலை!

பாலத்தைக் கடந்து போன படை வீழ்த்தியது, இன்றைய ருமேனியப் பகுதியை ஆண்ட டேசிய அரசன் டெசிபாலஸை. பிடிபட மனமில்லாமல் கி.பி. 106-இல் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். ருமேனியர்கள் மறந்தார்களா? 1994 முதல் 2004 வரை 12 சிற்பிகள் உழைத்து, ஆற்றங்கரைப் பாறையில் அவர் முகத்தைச் செதுக்கினார்கள். உயரம் 40 மீட்டருக்கும் மேல்! டபுலா டிராயானா இருப்பது மறுகரையில். 1,900 ஆண்டுகள் கழித்தும் இருவரும் ஆற்றுக்கு இருபுறமும்தான்.

இத்தனையையும் மேலிருந்து பார்க்க ஒரு நடைபாதை!

செர்பியக் கரை முழுவதும் ஜெர்டாப் தேசியப் பூங்கா. 2020-இல் யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்காப் பட்டியலிலும் சேர்ந்தது. ஓக், பீச் மரக் காட்டுக்குள் ஏறுகிற பாதை முதலில் ப்ளோச்சே பாறை முனைக்குப் போகிறது, பிறகு 768 மீட்டர் உயர வெலிகி ஷ்டர்பட்ஸ் சிகரத்துக்கு. கீழே டான்யூப் சுமார் 150 மீட்டர் அகலத்துக்குச் சுருங்கி வளைகிறது. ஐரோப்பாவின் மாபெரும் ஆறுகளில் ஒன்று, காலடியில் ஒரு கால்வாய் அளவுக்கு!

தெய்வமான பேரரசரும் அவர் அம்மாவும்!

தெற்கே சயேச்சார் ஊருக்குப் பக்கத்தில் இன்னொரு அதிசயம். பேரரசர் கலேரியஸ் தான் பிறந்த மண்ணில் அரண்மனை கட்டி, தாய் ரோமுலாவின் பெயரால் 'ஃபெலிக்ஸ் ரோமுலியானா' என்று அழைத்தார். சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி மகுரா குன்று. அங்கே தாய்க்கும் மகனுக்கும் தனித்தனிக் கல்லறை மண்டபங்கள், அவர்களைத் தெய்வமாக்கிய சடங்கின் நினைவாக இரண்டு மண்மேடுகள்! அரண்மனையின் பெயர் பொறித்த கல் 1984-இல் கிடைத்தது. 2007-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இங்கே அகழாய்வை நடத்தியவர் யார் தெரியுமா? லெபென்ஸ்கி வீரைத் தோண்டிய அதே ஸ்ரெயோவிச்!

கல்லில் பொறித்தால் என்றைக்கும் நிற்கும் என்று பேரரசர்கள் நம்பினார்கள். ஆனால் டிராஜனின் கல்வெட்டும், மீன் முகச் சிலைகள் இருந்த வீடுகளும் இன்று கண்ணில் படுவதற்குக் காரணம், நீர் ஏறும் முன் அவற்றைத் தூக்கிவைக்கச் சிலர் பாடுபட்டதுதான். ஐரோப்பியப் பயணம் என்றால் பாரிஸ், ரோம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். இரும்பு வாசலுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள்: ஒரு நாள் படகில், ஒரு நாள் மலையேற்றம். உங்கள் ஊர்ப் பக்கம் எந்தக் கல்வெட்டாவது புதருக்குள் கிடந்தால், அதைப் பற்றி இன்றைக்கே தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்!